ராஸ்பெர்ரி பை தொடர்பில் வரவில்லையா? முதலில் விளக்கைப் பாருங்கள்

களக்காடு பக்கம் ஒரு வாழைத்தோப்பில் கிணற்று மட்டத்தைப் பார்த்துச் சொல்ல ஒன்று. கல்லிடைக்குறிச்சியில் ஒரு பழைய வீட்டு மாடியில் மழையளவு பதிய ஒன்று. உவரிக் கரையில் கேமராவோடு ஒன்று. பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூட ஆய்வகத்தில் பிள்ளைகள் கைக்கு ஏழெட்டு. இப்படி ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கக் கணினிப் போர்டுகளை மாட்டிக் கொடுத்துவிட்டு, அவற்றுக்கு வருகிற கோளாறுகளையும் நானே பார்த்து வருகிறேன். எனக்கு வரும் போன்களில் பெரும்பாலும் ஒரே வரிதான்: "கனெக்ட் ஆவல."

அந்த ஒரு வரிக்குள் பல நோய்கள் ஒளிந்திருக்கின்றன. போர்டுக்குக் கரண்ட் சரியாக வர வேண்டும். மெமரி கார்டிலிருந்து சிஸ்டம் எழ வேண்டும். வைஃபை பிடிக்க வேண்டும். ரூட்டர் ஒரு முகவரி கொடுக்க வேண்டும். எஸ்எஸ்ஹெச், அதாவது வேறு கணினியிலிருந்து போர்டுக்குள் நுழைகிற கதவு, திறந்திருக்க வேண்டும். கடைசியில் பெயரும் கடவுச்சொல்லும் பொருந்த வேண்டும். இதில் எந்தக் கண்ணி அறுந்தது என்று பார்க்காமலே கார்டை அழித்துப் புதிதாக எழுதுவதுதான் எல்லோரும் முதலில் செய்கிற காரியம். அதைக் கடைசிக்கு வையுங்கள். கார்டை அழித்தால் கோளாறுக்கான தடயமும் சேர்ந்து அழிந்துவிடும். அதோடு, வைஃபை கோளாறு என்று நாம் நினைப்பது பல நேரம் கரண்ட் கோளாறாகத்தான் இருக்கும்.

கட்டளைகளைப் போனில் சொல்வதுபோலவே எழுத்தெழுத்தாகச் சொல்கிறேன்.

சிவப்பு விளக்கு எரியவில்லை, அல்லது கண்சிமிட்டுகிறது

பை 3, பை 4 இரண்டிலும் சிவப்பு விளக்கு கரண்ட்டைக் காட்டும், பச்சை விளக்கு கார்டு படிக்கப்படுவதைக் காட்டும். பை 5இல் ஒரே விளக்குதான்: அணைத்து வைத்த நிலையில் சிவப்பு, ஓடும்போது பச்சை. ஜீரோ வகைகளில் பச்சை மட்டும் உண்டு.

சிவப்பு சுத்தமாக எரியவில்லை என்றால் அடாப்டரையும் கேபிளையும் மாற்றிப் பாருங்கள். 2019இல் வந்த முதல் பை 4 போர்டுகளில் யூஎஸ்பி-சி பகுதியின் வடிவமைப்பில் ஒரு பிழை இருந்தது. லேப்டாப்போடு வரும் சில தடித்த கேபிள்களை மாட்டினால் அந்தப் போர்டுக்குக் கரண்ட்டே ஏறாது. அதற்குச் சாதாரண கேபிள் போதும்.

சிவப்பு எரிந்து எரிந்து அணைகிறதா? மின்னழுத்தம் போதவில்லை. 5 வோல்ட்டில் ஓட வேண்டிய போர்டு இது. சுமார் 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் போர்டே அதைக் கண்டுபிடித்துப் பதிவு செய்துவிடும். (ஜீரோ வகைகளில் இந்தக் கண்காணிப்பு கிடையாது.) பை 3க்கு 2.5 ஆம்பியர், பை 4க்கு 3 ஆம்பியர், பை 5க்கு 5 ஆம்பியர் தரும் அடாப்டர் வேண்டும். பழைய போன் சார்ஜரை மாட்டிவிட்டு ஏன் விழுகிறது என்று கேட்கக் கூடாது.

களக்காட்டுத் தோப்பில் நடந்ததைச் சொல்கிறேன். தோப்புக்கார அண்ணாச்சி இரண்டு வாரமாகப் போன் அடித்தார். ரூட்டரை மாற்றினோம், இடத்தை மாற்றினோம், ஒன்றும் சரியாகவில்லை. மூன்றாம் முறை நான் போய் மோட்டார் ரூம் வாசலில் உட்கார்ந்திருந்தபோது அவரே சொன்னார்: "தம்பி, மோட்டார போட்டாக்கதான் இந்தச் சவம் அணைஞ்சு போவுது. மத்த நேரம் நல்லாத்தான் கெடக்கு." அதை முதல் நாளே நான் கேட்டிருக்க வேண்டும்.

மல்டிமீட்டரை எடுத்து, போர்டில் ஊசி ஊசியாக நிற்கிற பின்களின் வரிசையில் 2ஆம் பின்னில் சிவப்பு முனையையும் 6ஆம் பின்னில் கறுப்பு முனையையும் வைத்தேன். முன்னது 5 வோல்ட், பின்னது கிரவுண்ட். (கை நழுவி 1ஆம் பின்னையும் 2ஆம் பின்னையும் சேர்த்துத் தொட்டுவிட்டால் போர்டு போய்விடும், கவனம்.) மீட்டர் 4.9 காட்டியது. அண்ணாச்சி ஸ்டார்ட்டரின் பச்சைப் பொத்தானை அழுத்தினார். மோட்டார் உறுமி எழுந்த அந்த ஒரு நொடியில் எண் 4.5க்கு இறங்கியது, சிவப்பு விளக்கு அணைந்து எரிந்தது, கூடவே வைஃபையும் போனது. மோட்டார் ஓடும்போது இழுப்பதைவிடக் கிளம்பும்போது பல மடங்கு கரண்ட்டை இழுக்கும். லைனின் கடைக்கோடியில் இருக்கிற தோப்பில் அந்த நேரம் வோல்டேஜ் குப்பென்று இறங்கும். நல்ல அடாப்டர் அதைத் தாங்கிக்கொள்ளும். அங்கே இருந்தது நல்ல அடாப்டர் இல்லை. போதாததற்கு இரண்டு மீட்டர் நீளத்தில் நூல்போல ஒரு வெள்ளைக் கேபிள். கேபிள் எவ்வளவு மெலிதாகவும் நீளமாகவும் இருக்கிறதோ அவ்வளவு வோல்டேஜை வழியிலேயே தின்றுவிடும். அடாப்டரை மாற்றி, அரை மீட்டரில் தடித்த கேபிள் போட்டு, இடையில் ரூட்டருக்கு வைக்கிற சிறு யூபிஎஸ்களில் 5 வோல்ட் தருகிற ஒன்றைச் சேர்த்தோம். அதற்கப்புறம் மோட்டார் போட்டாலும் போர்டு அசையவில்லை.

நீங்களே சோதிக்க, டெர்மினலில் வி-சி-ஜி-இ-என்-சி-எம்-டி என்று தட்டி, ஓர் இடம் விட்டு, கெட், அண்டர்ஸ்கோர், த்ராட்டில்டு என்று போடுங்கள். 0எக்ஸ்0 என்று வந்தால் போர்டு கிளம்பியதிலிருந்து கரண்ட்டில் குறை இல்லை. 0எக்ஸ்50000 என்றால் இடையில் எப்போதோ வோல்டேஜ் இறங்கி வேகமும் குறைந்திருக்கிறது. 0எக்ஸ்50005 என்றால் இந்த நிமிடமே இறங்கியிருக்கிறது. இந்த ஒரு வரியைப் பார்க்காமல் வைஃபை அமைப்புகளில் கை வைக்காதீர்கள்.

சிவப்பு எரிகிறது, பச்சை அசையவே இல்லை

கார்டைப் படிக்க முடியவில்லை. கார்டைக் கழற்றி மறுபடி அழுத்தி மாட்டுங்கள். பச்சை ஒரே கணக்கில் நான்கு முறை சிமிட்டி நின்று, மறுபடி நான்கு முறை சிமிட்டினால் கிளம்புவதற்கான கோப்பு ஒன்றைக் காணோம் என்று பொருள். ஏழு முறை என்றால் சிஸ்டத்தின் மையமான கெர்னலைக் காணோம். இரண்டுக்கும் கார்டைப் புதிதாக எழுதத்தான் வேண்டும்.

அடிக்கடி கரண்ட் போகிற இடத்தில் கார்டு கெட்டுப்போவது சகஜம். எழுதிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனால் கோப்புகள் சிதையும். அப்படிப்பட்ட இடத்தில், போர்டின் அமைப்புகளை மாற்றுகிற ராஸ்பி-கான்ஃபிக் மெனுவுக்குள் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் இருக்கும் ஓவர்லே ஃபைல் சிஸ்டத்தை இயக்கி வையுங்கள். அதன்பின் கார்டில் எதுவும் எழுதப்படாது. பதிவுகளை வேறு இடத்துக்கு அனுப்பிக்கொள்ள வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

பச்சை துடிக்கிறது, ரூட்டர் பட்டியலில் ஆளைக் காணோம்

சிஸ்டம் எழுந்துவிட்டது, வைஃபைதான் பிடிக்கவில்லை. முதலில் ரூட்டரின் பக்கத்தைத் திறந்து யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்ற பட்டியலைப் பாருங்கள். அது சிரமம் என்றால் போனில் ஃபிங் மாதிரி ஒரு ஸ்கேன் செயலி போதும். உண்மையிலேயே இல்லை என்று உறுதியான பிறகு மேலே படியுங்கள்.

உங்கள் போர்டு எது? ஜீரோ டபிள்யூ, ஜீரோ 2 டபிள்யூ, பை 3 பி ஆகிய மூன்றுக்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் தெரியும். போன் ஹாட்ஸ்பாட் 5இல் இருந்தால் உங்கள் கண்ணுக்கு முன்னால் அந்தப் பெயர் இருக்கும், போர்டுக்கு அது இருப்பதே தெரியாது. ஹாட்ஸ்பாட் அமைப்பில் 2.4க்கு மாற்றுங்கள். ரூட்டரில் வைஃபை பாதுகாப்பு முறையை டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைத்திருந்தால் அதை டபிள்யூபிஏ2க்கு இறக்கிப் பாருங்கள்.

அடுத்து நாடு. வைஃபை எந்த நாட்டில் ஓடுகிறது என்று சொல்லாவிட்டால் ராஸ்பெர்ரி பை ஓஎஸ் ரேடியோவையே பூட்டி வைத்துவிடும். கார்டு எழுதுகிற இமேஜர் மென்பொருளில் நாட்டுக் குறியீடு கேட்கும் இடத்தில் இந்தியாவைத் தேர்ந்தெடுங்கள். மானிட்டர் மாட்டிப் பார்க்க முடிந்தால், ரேடியோவைப் பூட்டுகிற ஆர்எஃப்கில் தடுத்திருக்கிறது என்ற செய்தி திரையிலேயே தெரியும். ராஸ்பி-கான்ஃபிக்கில் லோக்கலைசேஷன் பகுதிக்குள் போய் மாற்றிக்கொள்ளலாம்.

இன்னொன்று, பழைய வழிகாட்டிகளைப் பார்த்துச் செய்கிறவர்கள் மாட்டிக்கொள்கிற இடம். கார்டின் பூட் பகுதியில் டபிள்யூபிஏ சப்ளிகன்ட் என்ற கோப்பைப் போட்டால் வைஃபை தானாகப் பிடிக்கும் என்று அவற்றில் இருக்கும். 2023 அக்டோபரில் வந்த ராஸ்பெர்ரி பை ஓஎஸ்ஸின் புக்வோர்ம் பதிப்போடு அந்த வழி அடைபட்டுவிட்டது. இப்போது வைஃபையைப் பார்த்துக்கொள்வது நெட்வொர்க் மேனேஜர். இமேஜரிலேயே பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் மானிட்டர் மாட்டி, சூடோ என்று தட்டி இடம் விட்டு என்-எம்-டி-யு-ஐ என்று போட்டால் ஒரு நீலத் திரை வரும். அதில் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.

அப்புறம் பெட்டி. போர்டை இரும்பு ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் பத்திரமாக வைத்துப் பூட்டியிருப்பார்கள். ஆன்டெனா போர்டின் மேலேயே இருக்கிறது, இரும்புக்குள் வைத்தால் அலை வெளியே வராது. பிளாஸ்டிக் பெட்டிக்கு மாற்றுங்கள். கல்லிடைக்குறிச்சி வீட்டில் நான் தோற்றது சுவரிடம். பழைய சுண்ணாம்புக் கட்டடம், சுவர் முழங்கை அகலம். கீழ்க்கூடத்து ரூட்டரின் சிக்னல் மாடிக்கு ஏறவே இல்லை. மாடிப்படி வழியாக லான் வயர் இழுத்துத்தான் தீர்த்தேன். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 100 மீட்டருக்குள் வயர் இழுக்க முடிகிற எந்த இடத்திலும் நான் இப்போது வயரைத்தான் சொல்கிறேன்.

பட்டியலில் இருக்கிறது, பெயரைத் தட்டினால் வரவில்லை

பெயருக்குப் பின்னால் புள்ளி லோக்கல் என்று போட்டுக் கூப்பிடுகிறோம் அல்லவா, அது எல்லா ரூட்டரிலும் எல்லாப் போனிலும் வேலை செய்யாது. பட்டியலில் தெரிகிற எண் முகவரியைத் தட்டிப் பாருங்கள். வந்துவிட்டால் போர்டில் குறை இல்லை. ரூட்டரில் அந்தப் போர்டுக்கு ஒரு முகவரியை நிரந்தரமாக ஒதுக்கிவிடுங்கள். கரண்ட் போய் வரும்போதெல்லாம் எண் மாறி உங்களை அலைக்கழிக்காது. 169.254 என்று தொடங்கும் முகவரி இருந்தால் மட்டும் கதை வேறு. ரூட்டர் முகவரியே கொடுக்கவில்லை, போர்டு தானாக ஒன்றை வைத்துக்கொண்டது.

கதவு வரை போகிறது, உள்ளே விடவில்லை

எஸ்எஸ்ஹெச் தருகிற பிழைச் செய்தியைப் படியுங்கள். அது துல்லியமாகச் சொல்லும்.

கனெக்ஷன் ரெஃப்யூஸ்டு என்றால் போர்டு உயிரோடு இருக்கிறது, எஸ்எஸ்ஹெச் மட்டும் ஓடவில்லை. 2016 நவம்பரிலிருந்து பாதுகாப்புக்காக அது அடைத்தே வருகிறது. கார்டைக் கணினியில் மாட்டி, பூட் பகுதியில் எஸ்எஸ்ஹெச் என்று சிறிய எழுத்தில் பெயரிட்ட ஒரு வெற்றுக் கோப்பை வைத்தால் திறந்துவிடும். விண்டோஸில் செய்கிறவர்கள் கவனிக்க: நோட்பேட் அந்தப் பெயருக்குப் பின்னால் டிஎக்ஸ்டி என்ற வாலைச் சேர்த்து, அதை உங்கள் கண்ணுக்குக் காட்டாமலும் வைக்கும். அந்த வால் இருந்தாலும் கதவு திறக்கும், பயப்பட வேண்டாம்.

டைம்ட் அவுட் என்றால் பெரும்பாலும் முகவரி தவறு, அல்லது ரூட்டர் ஒரு கருவியை இன்னொன்றோடு பேச விடாமல் தடுக்கிறது. ரூட்டரில் இருக்கும் கெஸ்ட் வைஃபையில் இது வழக்கம். இரண்டையும் ஒரே சாதாரண வைஃபைக்குக் கொண்டு வாருங்கள்.

பெர்மிஷன் டினைடு என்றால் பெயரோ கடவுச்சொல்லோ தவறு. பை என்ற பெயரும் ராஸ்பெர்ரி என்ற கடவுச்சொல்லும் முன்பு எல்லாப் போர்டுக்கும் பொதுவாக இருந்தன. 2022 ஏப்ரலில் அதை எடுத்துவிட்டார்கள். இமேஜரில் நீங்கள் கொடுத்ததுதான் இனிப் பெயர். பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை கடவுச்சொல்லை ஐந்து முறை சரியாகத்தான் தட்டினாள், ஐந்து முறையும் மறுத்தது. அவளுடைய கடவுச்சொல்லில் அட் குறி இருந்தது. கீபோர்டு அமைப்பு பிரிட்டிஷ் முறையில் இருந்ததால் அட் குறியை அழுத்தினால் இரட்டை மேற்கோள் விழுந்தது. கடவுச்சொல் திரையில் தெரியாது, ஆகவே அவளுக்கும் தெரியவில்லை. பயனர் பெயர் கேட்கும் இடத்தில் அதே குறியைத் தட்டிப் பார்க்கச் சொன்னேன், உடனே பிடிபட்டது. அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்த பிறகு, புதிதாகக் கற்கிறவர்களிடம் "சரியா டைப் பண்ணினியா?" என்று கேட்பதை விட்டுவிட்டேன்.

ஹோஸ்ட் அடையாளம் மாறிவிட்டது என்று பெரிய எழுத்தில் பயமுறுத்தினால், நீங்கள் அண்மையில் கார்டைப் புதிதாக எழுதினீர்களா என்று யோசியுங்கள். எழுதியிருந்தால் பயப்பட வேண்டாம். உங்கள் கணினியில் எஸ்எஸ்ஹெச், இடைக்கோடு, கீஜென் என்று தட்டி, இடம் விட்டு, இடைக்கோடும் பெரிய ஆரும் சேர்த்து, மறுபடி இடம் விட்டுப் போர்டின் முகவரியைக் கொடுத்தால் பழைய அடையாளம் நீங்கும். நீங்கள் எதையும் மாற்றாமலே இந்தச் செய்தி வந்தால், அந்த முகவரியில் இப்போது இருப்பது உங்கள் போர்டுதானா என்று பார்த்துவிட்டு உள்ளே போங்கள்.

வருகிறது, போகிறது, மறுபடி வருகிறது

இதுதான் ஆளை அலைக்கழிக்கிற நோய். கரண்ட்டைச் சோதித்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

சும்மா இருக்கும்போது தூங்கிவிடுகிறதா? வைஃபைக்கு மின்சேமிப்பு உண்டு, அதை நிறுத்திப் பாருங்கள். சூடோ, பிறகு ஐ-டபிள்யூ, டெவ், டபிள்யூ-லான்-0, செட், பவர் அண்டர்ஸ்கோர் சேவ், ஆஃப். போர்டை அணைத்து எழுப்பினால் இது பழையபடி ஆகிவிடும். பலன் இருந்தால் நெட்வொர்க் மேனேஜரில் அந்த இணைப்பின் பவர்சேவ் மதிப்பை 2 என்று வைத்து நிரந்தரமாக்குங்கள்.

பை 4இல் யூஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க் மாட்டியிருக்கிறீர்களா? அந்த வயர் கிளப்புகிற இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைக் கெடுக்கும். டிஸ்கைத் தள்ளி வையுங்கள், அல்லது வைஃபையை 5க்கு மாற்றுங்கள். பை 5இல் 3 ஆம்பியர் அடாப்டர் போட்டிருந்தால் யூஎஸ்பி துளைகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 600 மில்லியாம்பியர்தான் கிடைக்கும். 4ஜி டாங்கிள் மட்டும் விழுந்து விழுந்து எழுந்தால் காரணம் அங்கே இருக்கலாம்.

இனிச் சொல்வது நம் ஊர்த் தோப்புகளில் மட்டும் நான் பார்த்தது. ஏத்தன் வாழைக் கன்று நட்ட புதிதில் ரூட்டர் வீட்டில், போர்டு கிணற்றடியில், இடையில் வெறும் நிலம். சிக்னல் மைனஸ் 60 டெசிபல் பக்கம், அருமையாக ஓடியது. ஏழெட்டு மாதம் கழித்துக் குலை தள்ளுகிற நேரத்தில் சிக்னல் மைனஸ் 80க்குப் போய்விட்டது. யாரும் எதையும் தொடவில்லை, வாழைதான் ஆளுயரம் தாண்டி வளர்ந்துவிட்டது. வாழை இலையும் தண்டும் முழுக்கத் தண்ணீர். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைத் தண்ணீர் உறிஞ்சிக்கொள்ளும். மழை பெய்து இலை நனைந்தால் இன்னும் மோசம். மென்பொருளில் எதைத் திருகினாலும் இது தீராது. மோட்டார் ரூம் மேல் கம்பம் நட்டு, ஆன்டெனாவை இலைகளுக்கு மேலே தூக்குங்கள். தோப்பில் போர்டு வைக்கிறவர்கள் நடும்போதே அறுவடை உயரத்தை மனதில் வைத்து இடம் பாருங்கள்.

பணகுடிப் பக்கம் ஆனி, ஆடிக் காற்றில் கம்பமே திரும்பிவிடும். இரண்டு ஆன்டெனா ஒன்றையொன்று பார்த்து நிற்கிற அமைப்பு என்றால் கம்பியால் இழுத்துக் கட்டியே ஆக வேண்டும்.

உவரி மாதிரிக் கடற்கரையில் லான் வயர் போட்டிருந்தால், துளைக்குப் பக்கத்தில் விளக்கு எரிகிறதா பாருங்கள். விட்டு விட்டு எரிந்தால் ஜாக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடியுங்கள். உலோகத் தகடுகளில் பச்சைக் களிம்பு படிந்திருக்கும், உப்புக்காற்றின் வேலை அது. துடைப்பதைவிட நுனியை வெட்டிப் புது ஜாக் போடுவது நல்லது. ஐப்பசி இடி மழைக்கு முன்னால், வெளியே நீளமாக ஓடுகிற வயரைக் கழற்றிவிடுங்கள். மின்னல் பக்கத்தில் விழுந்தாலே போதும், வயர் வழியாக வந்து போர்டைத் தின்றுவிடும்.

வீட்டில் இருந்தால் வருகிறது, வெளியூரிலிருந்து வரவில்லை

ரூட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வருவதைப் போர்டுக்குத் திருப்பிவிடுகிற அமைப்பு) எல்லாம் செய்தும் வரவில்லை என்றால், ரூட்டருக்கு வெளியிலிருந்து கிடைத்த முகவரியைப் பாருங்கள். 100.64க்கும் 100.127க்கும் இடையில் தொடங்கினாலோ, சிம் போட்ட ரூட்டரில் 10 என்று தொடங்கினாலோ, உங்களுக்குத் தனிப் பொதுமுகவரி கிடையாது. பல வீடுகளுக்கு ஒரே வாசல் மாதிரி. வெளியிலிருந்து தட்டினால் எந்த வீடு என்று தெரியாது. போர்ட் ஃபார்வர்டிங்கை விட்டுவிடுங்கள். டெய்ல்ஸ்கேல் என்ற மென்பொருளைப் போட்டால் போர்டு உள்ளிருந்தே வெளியே கையை நீட்டிக்கொள்ளும். 2024இல் ராஸ்பெர்ரி பை நிறுவனமே கொண்டுவந்த கனெக்ட் சேவையிலும் பிரவுசரிலிருந்து உள்ளே போகலாம்.

பிங் கட்டளைக்குப் பதில் வருகிறது, ஆனால் எந்தத் தளமும் திறக்கவில்லை

சான்றிதழ் பிழை என்று வந்தால் கடிகாரத்தைப் பாருங்கள். டைம்டேட்-சி-டி-எல் என்று தட்டினால் நேரமும், இணையத்தோடு ஒத்துப்போனதா இல்லையா என்பதும் தெரியும். பை 5க்கு முந்தைய போர்டுகளில் பேட்டரிக் கடிகாரம் கிடையாது. அணையும்போது இருந்த நேரத்தைத்தான் நினைவில் வைத்து எழும், இணையம் வந்த பிறகுதான் திருத்திக்கொள்ளும். பள்ளிக்கூடம், அலுவலகம் போன்ற இடங்களில் ஃபயர்வால் அந்தத் திருத்தத்தைத் தடுத்திருந்தால் நேரம் பின்தங்கியே கிடக்கும், பாதுகாப்பான தளங்கள் எல்லாம் மறுக்கும். நெட்வொர்க்கைப் பார்க்கிறவரிடம் யூடிபி 123ஆம் போர்ட்டைத் திறக்கச் சொல்லுங்கள்.

கல்லிடைக்குறிச்சி மாடியில் இதன் விளைவு வேறு விதமாக வந்தது. ஐப்பசியில் ஒரு ராத்திரி கரண்ட் போனது, விடிந்துதான் வந்தது. கரண்ட் வந்தும் மூன்று நாள் இணையம் வரவில்லை. போர்டு ஓடியது, மழையையும் அளந்தது. ஆனால் நேரம் பின்தங்கியதால் விடிகாலை மழை முந்தைய நாள் கணக்கில் விழுந்துவிட்டது. அந்த வீட்டு மாமா நாற்பது வருடமாக நோட்டில் மழை எழுதி வருகிறவர். நோட்டையும் திரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவர்தான் கண்டுபிடித்தார். மறுவாரம் டிஎஸ்3231 என்ற சின்னக் கடிகாரப் பலகையை வாங்கி, சிஆர்2032 பேட்டரி போட்டு மாட்டினேன். பை 5 வைத்திருக்கிறவர்களுக்குக் கடிகாரம் போர்டிலேயே இருக்கிறது, அதற்கான பேட்டரியை மட்டும் வாங்கி மாட்ட வேண்டும். மாமா நோட்டில் அந்த மூன்று நாள் மழையும் சரியான தேதியில் இருந்ததால், அதைப் பார்த்துத்தான் போர்டின் பதிவைத் திருத்தினோம்.